ஆஞ்சியோவுக்குப் பிறகு கிட்னி அடிபடுவது கறுப்பின நோயாளிகளுக்கு ஏன் அதிகம்? ஸ்கோரில் இனத்தைக் கேட்க வேண்டுமா?

வளர்மதி_என்சி:

வடகரோலினாவில் ஒரு கேத் லேபில் (ரத்தக்குழாய்க்குள் குழாய் விட்டு ஆஞ்சியோ செய்யும் அறை) நர்ஸாக இருக்கிறேன், ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். இதய ஆஞ்சியோ, ஸ்டென்ட், கால் ரத்தக்குழாய் அடைப்பு எல்லாமே எங்கள் டேபிளில்தான். கேஸ் தொடங்கும் முன் டைம்-அவுட்டில் நோயாளியின் பெயர், அலர்ஜி, கை வழியா தொடை வழியா என்பதோடு அவருடைய கிட்னி நம்பரையும், எத்தனை மி.லி. டை (எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் தெரிய ஊற்றும் மருந்து) வரை போகலாம் என்பதையும் நான்தான் சத்தமாகப் படிப்பேன். டாக்டர் தலையாட்டுவார், கேஸ் ஓடும்.

அந்த அளவுக்குப் பின்னால் பெரும்பாலும், ஆஞ்சியோவுக்குப் பிறகு கிட்னி அடிபடும் ஆபத்தைப் புள்ளி போட்டுச் சொல்கிற, 2004இல் வந்த மெஹ்ரான் ஸ்கோர் மாதிரி ஒன்று இருக்கும். பிரஷர் விழுந்திருக்கிறதா, இதயத்துக்குத் துணையாகப் பலூன் பம்ப் போட்டிருக்கிறதா, ஹார்ட் ஃபெயிலியர் இருக்கிறதா, வயது 75க்கு மேலா, ரத்தசோகை, சர்க்கரை, எவ்வளவு டை, கிட்னி எப்படி. அவ்வளவுதான் கேட்கும். இனம் கேட்காது. 2021இல் அதைப் புதுப்பித்தபோதும் கேட்கவில்லை.

ஆனால் அதே 2021இல் எங்கள் மாநிலத்திலேயே டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஸ்டென்ட் சிகிச்சை செய்துகொண்ட 9,422 பேர். மொத்தத்தில் 9 சதவீதம் பேருக்கு அதன்பின் திடீர் சிறுநீரகப் பாதிப்பு. வெள்ளையரில் 8, கறுப்பினத்தவரில் 14. வயது, வருமான நிலை, மற்ற நோய்கள், கிட்னியைத் தொடும் மருந்துகள், எதற்காக ஸ்டென்ட், முன்கூட்டிக் கொடுத்த சலைன் போன்ற பாதுகாப்பு, செய்முறை விவரங்கள் எல்லாவற்றையும் கணக்கில் கழித்துப் பார்த்த பிறகும் ஆட்ஸ் ரேஷியோ (பாதிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் உள்ள விகிதத்தை இரு கூட்டத்துக்கும் ஒப்பிடும் எண்) 1.79.

என் கேள்வி நேரடியானது. இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது நாம் படிக்கும் ஸ்கோரில் இனம் இல்லாமல் இருப்பது சரியா? சேர்த்தால்தான் என்ன செய்யப்போகிறோம்? அடுத்த தரக் கூட்டத்தில் இதைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள், அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

டெட்ராய்ட்_நெஃப்ரோ:

வளர்மதி, ஸ்கோரில் இனம் இல்லை என்கிறீர்கள். ஸ்கோரின் கட்டங்களில் இல்லைதான். ஆனால் அதற்குள் போகிற கிட்னி நம்பரில் 2021 வரை இருந்ததே!

கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை நாம் நேரடியாக அளப்பதில்லை. ரத்தத்தில் கிரியேட்டினின் (தசையிலிருந்து வரும் கழிவு, கிட்னிதான் வெளியேற்றும்) பார்த்து, வயதும் பாலினமும் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டு இஜிஎஃப்ஆர் என்று ஓர் எண் எடுக்கிறோம். 1999இல் வந்த எம்டிஆர்டி சூத்திரத்தைப் பிறகு சுருக்கிய வடிவத்தில் நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.212ஆல் பெருக்கச் சொன்னார்கள். 2009இல் வந்த சிகேடி-எபி சூத்திரத்தில் அது 1.159. காரணம் கேட்டால், அவர்களுக்குச் சராசரியாகத் தசை அதிகம், அதனால் கிரியேட்டினின் இயல்பாகவே கொஞ்சம் கூடுதல் என்பார்கள். ஆய்வில் இருந்த ஒரு கூட்டத்தின் சராசரியை எடுத்து, எதிரே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவர் மீதும் பொருத்தினார்கள். மெலிந்துபோன 80 வயதுக்காரருக்கும் அதே 1.159.

கேத் லேபில் இது எப்படி விளையாடும் என்று பாருங்கள். 60 வயது ஆண், கிரியேட்டினின் 1.8. 2009 சூத்திரப்படி அவர் வெள்ளையர் என்றால் இஜிஎஃப்ஆர் 40. கறுப்பினத்தவர் என்று கட்டத்தில் டிக் அடித்தால் 46. அதே ரத்தம், அதே கிட்னி. டை அளவு கிட்னி நம்பரின் இரண்டு மடங்கைத் தாண்டினால் ஆபத்து ஏறத் தொடங்குகிறது, மூன்று மடங்கைத் தாண்டினால் கிடுகிடுவென ஏறுகிறது என்று மிச்சிகன் மாநிலப் பதிவேட்டை வைத்து 2011இல் காட்டினார்கள். அந்த ஆய்வில் பயன்படுத்தியது இனம் கேட்காத பழைய கிரியேட்டினின் கிளியரன்ஸ் கணக்கு. ஆனால் லேப் ரிப்போர்ட்டில் அச்சாகி வருவது இஜிஎஃப்ஆர் என்பதால் பல இடங்களில் அதையே எடுத்து மூன்றால் பெருக்கிவிடுவார்கள். முதலாமவருக்கு 120 மி.லி., இரண்டாமவருக்கு 138. கூடவே 45 என்கிற கோட்டையும் அவர் தாண்டிவிட்டார். அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் எச்சரிக்கையாகக் கையாண்டிருப்பார்கள், மேலே போனதால் அவ்வளவு கவனம் கிடைக்காது.

2021 செப்டம்பரில் நேஷனல் கிட்னி ஃபவுண்டேஷனும் அமெரிக்க நெஃப்ராலஜி சங்கமும் சேர்ந்து அமைத்த குழு இனத்தை நீக்கிய புதிய சூத்திரத்தைப் பரிந்துரைத்தது. அதில் அதே மனிதருக்கு 43, யாராக இருந்தாலும். அதற்கு முன்பே 2017இல் பாஸ்டனில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் தன் ரிப்போர்ட்டில் இருந்து அதை எடுத்துவிட்டது. மருத்துவ மாணவர்கள் பல இடங்களில் சண்டை போட்டுத்தான் இது நடந்தது, பெரிய டாக்டர்கள் தாமாக முன்வந்து செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ராலே_ராஜா:

எல்லாம் சரி டாக்டர், ஆனால் சூத்திரத்தை மாற்றினால் கிட்னி மாறிவிடுமா? மரபணு என்று ஒன்று இருக்கிறதே. ஏபிஓஎல்1 பற்றி யாருமே பேச மாட்டேன் என்கிறீர்கள். மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியில் வருகிற மரபணு மாற்றம், கிட்னி நோய்க்கு நேரடித் தொடர்பு, 2010லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அமெரிக்காவில் டயாலிசிஸ் யூனிட்டுக்குள் போய்ப் பாருங்கள், மக்கள்தொகையில் சுமார் 13 சதவீதமாக இருப்பவர்கள் அங்கே மூன்றில் ஒரு பங்கு. இதை எல்லாம் சமூகக் காரணம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

டெட்ராய்ட்_நெஃப்ரோ:

தள்ளவில்லை ராஜா. ஏபிஓஎல்1 உண்மை. தூக்க நோயைப் பரப்பும் ஒட்டுண்ணியிடமிருந்து காப்பாற்றியதால் அந்த மாற்றம் ஆப்பிரிக்காவில் நிலைத்தது, அதற்கு விலையாகக் கிட்னி நோய் வருகிறது. ஆனால் இரண்டு பிரதியும் மாறியிருந்தால்தான் ஆபத்து பெரிதாகக் கூடும், அப்படி இருப்பவர்கள் ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் சுமார் 13 சதவீதம். மீதி 87 பேருக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. இனக் கட்டத்தில் டிக் அடித்தால் நூறு பேரையும் ஒரே சாக்கில் போடுகிறோம்.

இரண்டாவது, இது இன்னும் முக்கியம். மெதுவாக வருடக்கணக்கில் கெடுகிற கிட்னி நோய்க்கும் இரண்டு நாளில் கிரியேட்டினின் ஏறுகிற திடீர் பாதிப்புக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டும் என்பதில்லை. ஏரிக் என்று ஒரு நீண்டகால ஆய்வு உண்டு, நான்கு ஊர்ப் பகுதிகளில் ஆட்களைப் பல வருடம் தொடர்ந்தது. அதில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எடுத்து 2014இல் ஒரு கட்டுரை வந்தது. கறுப்பினத்தவருக்குத் திடீர் பாதிப்பு அதிகம், அவர்களின் பிரஷர், சர்க்கரை, கிட்னி நிலை, எத்தனை முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள் என்பதையெல்லாம் சரிக்கட்டிய பிறகும் 20 சதவீதம் கூடுதல். வருமானத்தையும் இன்சூரன்ஸையும் சேர்த்ததும் வித்தியாசம் சுருங்கி, புள்ளியியல் ரீதியாக நிற்காமல் போய்விட்டது. ஏபிஓஎல்1 ஆபத்து வகை இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையே திடீர் பாதிப்பில் தொடர்பு தெரியவில்லை. உங்கள் கேள்விக்கு நேரடி பதில் அதுதான்.

தரவுப்பித்தன்:

நான் டாக்டர் இல்லை, பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆள். இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது.

டியூக் ஆய்வில் சரிக்கட்டாத எண்களை எடுத்துக்கொள்ளுங்கள், 14க்கு 8. அதன் ஆட்ஸ் ரேஷியோ சுமார் 1.87 வரும் (சதவீதங்கள் முழு எண்ணாக்கப்பட்டவை, அதனால் தோராயம்). அத்தனை விஷயங்களையும் கழித்த பிறகு 1.79. அதாவது வயது, நோய், மருந்து, செய்முறை எல்லாம் சேர்ந்து விளக்கியது கொஞ்சமே கொஞ்சம். இடைவெளி அசையவே இல்லை. ஏரிக்கில் வருமானம் சேர்த்தவுடன் வித்தியாசம் கரைந்தது. ஒன்று அசையவில்லை, இன்னொன்று கரைகிறது. ஏன்?

எனக்குத் தோன்றுவது: ‘வருமான நிலையைச் சரிக்கட்டினோம்’ என்பது அந்தப் பதிவேட்டில் இருந்த அளவுக்குத்தான் சரிக்கட்டல். ஒருவரின் வாழ்நாள் வறுமையை ஆஸ்பத்திரிக் கணினியின் ஒரு பத்தியில் அடக்க முடியாது. மறுபக்கம் ஏரிக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. அதன் நான்கு இடங்களில் மிசிசிப்பியின் ஜாக்சன் குழுவில் சேர்க்கப்பட்டவர்கள் அத்தனை பேரும் கறுப்பினத்தவர், மின்னியாபொலிஸ் புறநகர்ப் பக்கம் கிட்டத்தட்ட முழுக்க வெள்ளையர். அப்படியிருக்க, இனத்தின் விளைவு எது, ஜாக்சன் ஊரின் விளைவு எது என்று எந்த மாடலும் பிரித்துக் கொடுக்க முடியாது. ஊரே இனமாகவும் இனமே ஊராகவும் இருக்கிறது.

இன்னொன்று. திடீர் பாதிப்பு என்று முடிவு செய்வதே ஒரு வரையறைதான். இரண்டு நாளில் கிரியேட்டினின் 0.3 ஏறினால் போதும் என்கிறது இப்போதைய அளவுகோல். 0.8 இருப்பவருக்கு 0.3 என்பது 37 சதவீதத்துக்கும் மேல் ஏற்றம். 1.8 இருப்பவருக்கு வெறும் 17 சதவீதம், லேப் மெஷினின் சாதாரண ஏற்ற இறக்கமே அதில் கொஞ்சம் இருக்கும். தொடக்கத்திலேயே கிரியேட்டினின் அதிகமாக இருக்கிற கூட்டத்துக்கு இந்தக் கோட்டைத் தாண்டுவது எளிது. டியூக் ஆய்வில் தொடக்க இஜிஎஃப்ஆர் குறையக் குறைய ஆபத்து படிப்படியாக ஏறியது, ஆனால் எந்த நிலையில் இருந்தாலும் இன வித்தியாசம் ஏறக்குறைய அதே மாதிரி இருந்தது. ஆகவே வரையறை மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பங்கு இருக்கலாம்.

கோழிக்கறி_குழம்பு:

ஆட்ஸ் ரேஷியோ 1.79 என்றால் 79 சதவீதம் அதிக ஆபத்து, இவ்வளவுதானே? இதற்கு ஏன் இவ்வளவு இழுவை?

தரவுப்பித்தன்:

இல்லை ஐயா, இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். இதே இதய ஆஞ்சியோ விஷயத்தில் இதற்கென்றே ஒரு பழைய கதை இருக்கிறது.

1999இல் ஒரு பிரபலமான ஆய்வு. நடிகர்களை நோயாளி மாதிரி நெஞ்சுவலி சொல்ல வைத்து வீடியோ எடுத்து 720 டாக்டர்களிடம் காட்டினார்கள், இவரை ஆஞ்சியோவுக்கு அனுப்புவீர்களா என்று கேட்டார்கள். வெள்ளையரை 90.6 சதவீதம் அனுப்பினார்கள், கறுப்பினத்தவரை 84.7. ஆட்ஸ் ரேஷியோ 0.6. உடனே செய்திகளில் ‘கறுப்பினத்தவரை அனுப்ப 40 சதவீதம் குறைவான வாய்ப்பு’ என்று போட்டுத் தாக்கினார்கள். நேர் விகிதம் போட்டால் 0.93, அதாவது 7 சதவீதம் குறைவு. இன்னும் தோண்டினால் கறுப்பினப் பெண்களிடம் மட்டும்தான் வித்தியாசம், 78.8 சதவீதம். கறுப்பின ஆண்கள், வெள்ளைக்கார ஆண்கள், பெண்கள் மூவருக்கும் ஒரே அளவு, 90.6. அந்த ஆய்வை வெளியிட்ட மருத்துவப் பத்திரிகையே பிறகு இதைத் தோலுரித்து ஒரு கட்டுரை போட்டது.

ஒன்று அடிக்கடி நடக்கிற விஷயமாக இருந்தால் ஆட்ஸ் ரேஷியோ பூதாகரமாகத் தெரியும். 8, 14 மாதிரி அளவுகளில் வீக்கம் குறைவு. டியூக்கின் நேர் விகிதம் 1.75. ஆகவே இந்த விஷயத்தில் ஏமாற்றம் இல்லை, உண்மையிலேயே பெரிய இடைவெளிதான். படிக்கும்போது இரண்டு எண்ணையும் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அந்த 1999 ஆய்வில் இன்னொரு பாடமும் உண்டு. யார் டேபிளுக்கு வந்து சேர்கிறார்கள் என்பதே ஒரு வடிகட்டி. ஒரு கூட்டத்தைத் தாமதமாகவோ நோய் முற்றியோ அனுப்பினால், டேபிளில் ஏறும்போதே அவர்கள் வேறு நிலையில் இருப்பார்கள். டேபிளில் ஏறிய பிறகு எடுக்கிற பதிவேட்டில் அது முழுதாகத் தெரியாது.

வளர்மதி_என்சி:

அதை நான் தினமும் பார்க்கிறேன். கால் கேஸ்களை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் கறுத்த பிறகுதான் வருகிறார்கள். அதற்கு முன் மூட்டுவலி, கால்வலி என்று கடையில் கிடைக்கும் இபுப்ரோஃபென், நாப்ராக்சென்தான் வாங்கிப் போட்டிருப்பார்கள், சீட்டு இல்லாமல் கிடைப்பதால் அது மருந்துப் பட்டியலிலேயே இருக்காது. நான் கேட்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன். ‘என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்’ என்று கேட்டால் டாக்டர் எழுதியதை மட்டும் சொல்வார்கள். ‘வலி வந்தால் எதைப் போடுவீர்கள்’ என்று கேட்டால் சட்டைப்பையிலிருந்தே எடுத்துக் காட்டுபவர்கள் உண்டு. கிட்னிக்கு ரத்தம் போகிற குழாயை அந்த மாத்திரை இறுக்கி வைத்திருக்கும், அதன்மேல் டையைப் போய் ஊற்றுகிறோம்.

தரவுப்பித்தன் சொன்ன ‘மருந்துகளைச் சரிக்கட்டினோம்’ என்பதில் இதெல்லாம் எப்படி வரும்?

எங்கள் மாநிலம் மெடிகெயிடை (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) விரிவாக்கியது 2023 டிசம்பரில்தான். அதுவரை கூலி வேலை செய்கிற, ஆனால் இன்சூரன்ஸ் இல்லாத 50 வயதுக்காரருக்குச் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் பார்க்க ஒரு டாக்டர் கிடைப்பதே பாடு. டியூக் ஆய்வு நடந்த காலம் அதற்கு முந்தையது.

ஸ்டென்ட்_சேகர்:

நான் டேபிளில் நின்று கம்பி விடுகிற ஆள். ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. எல்லாப் பழியையும் டை மேல் போடாதீர்கள்.

டை கெடுதல்தான். கிட்னியின் உள் பகுதிக்கு எப்போதுமே ஆக்ஸிஜன் பற்றாக்குறை, டை அங்கே குழாய்களைச் சுருக்குகிறது, நுண்குழல் செல்களையும் நேரடியாகத் தாக்குகிறது. ஆனால் ஸ்டென்ட் கேஸில் இன்னும் பல நடக்கிறது. பிரஷர் விழுகிறது, ரத்தம் போகிறது, தொடை வழியாக மேலே ஏறும்போது பெருந்தமனிச் சுவரிலிருந்து கொழுப்புத் துணுக்கு உதிர்ந்து கிட்னிக்குப் போகிறது. மேட்ரிக்ஸ் என்கிற பெரிய சோதனையில் மாரடைப்பு மாதிரி அவசர நிலையில் வந்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சீட்டுக் குலுக்கல் மாதிரிப் பிரித்தார்கள், கை வழியே போனவர்களில் 15.4 சதவீதம் பேருக்குக் கிட்னி பாதிப்பு, தொடை வழியே 17.4. இரண்டு பக்கமும் டை உண்டு, போகிற வழி மட்டும்தான் வேறு.

இப்போது என்னிடம் வந்து ‘இந்த நோயாளி கறுப்பினம், ஸ்கோரில் இரண்டு புள்ளி கூட்டிக்கொள்’ என்றால் நான் என்ன வித்தியாசமாகச் செய்வேன்? கை வழியே போவேன், டையைக் குறைப்பேன், முடிந்தால் ரத்தக்குழாய்க்குள் அல்ட்ராசவுண்ட் விட்டுப் பார்த்து ஸ்டென்ட் அளவை முடிவு செய்வேன், இடுப்புக்குக் கீழே கால் கேஸ் என்றால் கார்பன் டை ஆக்சைடு வாயுவை வைத்தே படம் எடுத்துக்கொள்ளலாம், அது கிட்னியைத் தொடாது (இதயத்திலும் மூளைப் பக்கமும் வாயுவை விடக்கூடாது, அது வேறு கதை). இதெல்லாம் எந்த நோயாளிக்குச் செய்யக்கூடாது? எல்லோருக்கும்தான் செய்ய வேண்டும்.

சலைன் விஷயத்திலும் அப்படியே. கிட்னியைக் காப்பாற்றும் என்று நம்பி பைகார்பனேட், அசிட்டைல்சிஸ்டீன் என்று வருடக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்தோம். பிரிசர்வ் சோதனை 2018இல் ஐயாயிரம் பேரை வைத்து இரண்டுமே பிரயோஜனம் இல்லை என்று மூடிவிட்டது. மாறாக பொசைடன் சோதனையில் 396 பேரிடம் இதயத்தின் இடது அறை அழுத்தத்தை அளந்து அதற்கேற்ப சலைன் வேகத்தை வைத்தபோது பாதிப்பு 16.3 சதவீதத்திலிருந்து 6.7 ஆனது. அழுத்தத்தை அளக்க நோயாளியின் நிறம் தேவையில்லை.

ராலே_ராஜா:

அப்படியென்றால் 1.79ஐக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடலாமா? ஒரு கூட்டத்துக்கு ஆபத்து உண்மையிலேயே கூடுதல், உங்கள் ஸ்கோர் அதைக் குறைத்துச் சொல்கிறது. பாரபட்சம் இல்லாமல் இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே அவர்களுக்குக் குறைவான பாதுகாப்பு கொடுக்கிறீர்கள். இது எந்த ஊர் நியாயம்?

தரவுப்பித்தன்:

ராஜா சொல்வதில் கணக்கு இருக்கிறது, ஒதுக்க முடியாது. இனத்தை நீக்கிய மாடல் ஒரு கூட்டத்துக்குத் தொடர்ந்து குறைத்துச் சொன்னால் அது மோசமான மாடல். 2020இல் இனத்தைப் பயன்படுத்தும் மருத்துவச் சூத்திரங்களைப் பட்டியல் போட்டு வந்த கட்டுரைக்குப் பிறகு ‘எல்லாவற்றிலும் எடுத்துவிடு’ என்று ஓர் அலை அடித்தது. எடுத்தால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று ஒவ்வொரு சூத்திரத்திலும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

இஜிஎஃப்ஆரில் எடுத்தது கறுப்பினத்தவருக்கு உதவியது, ஏனென்றால் அங்கே அந்தப் பெருக்கல் அவர்களை ஆரோக்கியமாகக் காட்டியது. கிட்னி மாற்றுக்கான காத்திருப்புப் பட்டியலைப் பாருங்கள்: பழைய சூத்திரத்தால் தாமதமாகப் பட்டியலில் ஏறியவர்களின் காத்திருப்பு நேரத்தைத் திருத்த 2023 ஜனவரியில் உத்தரவு வந்தது, அடுத்த ஆண்டு மார்ச்சுக்குள் 14,000க்கும் மேற்பட்ட கறுப்பின நோயாளிகளுக்குச் சராசரியாக இரண்டு வருடம் கூட்டிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு வருட டயாலிசிஸ் என்றால் என்ன என்று டாக்டருக்குத் தெரியும்.

ஆஞ்சியோ ஸ்கோரில் இனத்தைச் சேர்ப்பது எதிர்த் திசை. இங்கே சேர்த்தால் அவர்களை ஆபத்தானவர்களாகக் காட்டும். அது உதவுமா, கெடுக்குமா என்பது அந்த எண்ணைப் பார்த்தவுடன் டாக்டர் என்ன செய்வார் என்பதைப் பொறுத்தது.

டெட்ராய்ட்_நெஃப்ரோ:

நான் பார்த்த வரையில் என்ன செய்வார் என்றால், ‘ஆபத்து அதிகம், ஆஞ்சியோ வேண்டாம், மருந்திலேயே பார்ப்போம்’ என்று நழுவுவார். கிட்னி கெட்டுவிடுமோ என்ற பயத்தில் இதயத்துக்கு வேண்டியதைச் செய்யாமல் விடுவதற்கு எங்கள் துறையில் ‘ரீனலிசம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள், 2004இல். மாரடைப்பு வந்த முதியவர்களில் கிட்னி நோய் இருந்தவர்களுக்கு, ஆஞ்சியோ தேவை என்று விதிமுறையே சொன்ன இடத்தில்கூட அது குறைவாகவே நடந்தது.

ஏற்கெனவே டேபிளுக்கு வந்து சேர்வதே கடினமான கூட்டத்துக்கு ஸ்கோரிலும் இரண்டு புள்ளி கூட்டினால் அவர்களுக்குக் கூடுதல் சலைன் கிடைக்காது ராஜா, கதவுதான் இன்னும் கொஞ்சம் மூடும். சேகர் மாதிரி ஆட்கள் எல்லா லேபிலும் இருந்தால் நான் வேறு மாதிரி பேசுவேன்.

என் கருத்து: நோயாளியின் ஸ்கோரில் இனம் வேண்டாம். ஆனால் ஆஸ்பத்திரியின் கணக்கில் கட்டாயம் வேண்டும். யாருக்கு எவ்வளவு டை போனது, யாருக்கு இடது அறை அழுத்தம் அளந்தோம், யாருக்குப் பாதிப்பு வந்தது என்று இனவாரியாக ஒவ்வொரு காலாண்டும் போடுங்கள். இடைவெளி இருந்தால் அது நம் மேல் வரும் கேள்வி. நோயாளியின் உடம்பில் இருக்கும் குணம் என்று எழுதி வைத்துவிட்டால் யாரும் எதையும் திருத்த வேண்டியதில்லை பாருங்கள், அந்த வசதிதான் எனக்கு ஆகவில்லை.

வளர்மதி_என்சி:

காலாண்டுக் கணக்குப் போடலாம், ஆனால் ஓட்டை இருக்கிறது. இப்போது சாதாரண ஸ்டென்ட் கேஸ் என்றால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். கிரியேட்டினின் ஏறுவது இரண்டாம் நாள், மூன்றாம் நாள். போனவர்கள் திரும்ப வந்து ரத்தம் கொடுத்தால்தான் தெரியும். வண்டி இருப்பவர், லீவு கிடைப்பவர் வருவார். மணிக்கூலிக்காரர் வரமாட்டார். அளக்காத கிட்னி கணக்கில் நல்ல கிட்னியாகிவிடும்.

தரவுப்பித்தன்:

அதனால் முதலில் அதையே ஒரு வரியாகப் போடுங்கள்: மூன்று நாளுக்குள் மறுபடி கிரியேட்டினின் பார்த்தவர்கள் எத்தனை சதவீதம், இனவாரியாக. அந்த வரி நிரம்பாதவரை மற்ற வரிகளை நம்பாதீர்கள்.

ஹூஸ்டன்_மாமி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நாம் எந்தக் கட்டத்தில் வருகிறோம்? என் வீட்டுக்காரருக்கு அடுத்த மாதம் ஆஞ்சியோ என்று சொல்லியிருக்கிறார்கள். வயது 68, சர்க்கரை இருக்கிறது, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். கிரியேட்டினின் 1.3, ‘பரவாயில்லை’ என்றார்கள்.

டெட்ராய்ட்_நெஃப்ரோ:

வணக்கம் மாமி. டியூக் ஆய்வில் நம்மைப் போன்றவர்களெல்லாம் ‘மற்றவர்’ என்கிற 5 சதவீதத்துக்குள். அந்தக் கூட்டத்தில் பாதிப்பு 10 சதவீதம், ஆனால் ஆள் குறைவு, வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியாகவில்லை. அதில் சீனரும் இருப்பார், குஜராத்தியும் இருப்பார், அதை வைத்து நமக்கு ஒன்றும் சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று தெரியும். கராச்சியில் ஆட்களின் உண்மையான வடிகட்டும் திறனை அளந்து 2014இல் ஒப்பிட்டார்கள், சிகேடி-எபி சூத்திரத்தைக் கீழ்நோக்கித் திருத்த வேண்டியிருந்தது. அந்தத் திருத்தத்தைப் போட்டால் 40 என்று வருகிற ரிப்போர்ட் 34 ஆகிவிடும். நம் பக்கத்து ஆட்களுக்குத் தசை குறைவு, வயதானவர்களுக்கும் சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும் இன்னும் குறைவு, அதனால் கிரியேட்டினின் நல்லபடியாகத் தெரியும், உள்ளே கிட்னி அவ்வளவு நன்றாக இருக்காது. உடனே தெற்காசியருக்கு ஒரு பெருக்கல் எண் கொண்டுவா என்று கேட்கமாட்டேன், அதே குழியில் மறுபடி விழுவோம். தசையைச் சார்ந்திராத சிஸ்டாட்டின்-சி என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், நம்பர் தெளிவாகும்.

மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம். இஜிஎஃப்ஆர் 30க்கும் 60க்கும் இடையில் இருந்தாலோ, ஆஞ்சியோ மாதிரித் தமனிக்குள் டை போட்டாலோ அந்த நேரத்தில் நிறுத்தி, இரண்டு நாள் கழித்துக் கிட்னி பார்த்துவிட்டுத் தொடங்குவது இங்கே உள்ள விதி. அவருடைய எண்ணை வைத்து டாக்டர் சொல்வார், கட்டாயம் கேளுங்கள். வலி மாத்திரை ஏதும் போடுகிறாரா என்று வளர்மதி கேட்கிற மாதிரி வீட்டிலேயே கேட்டுவிடுங்கள்.

ஹூஸ்டன்_மாமி:

போடுகிறார். முழங்காலுக்கு. டாக்டரிடம் சொன்னதே இல்லை.

ஸ்டென்ட்_சேகர்:

இன்றைக்கே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள் மாமி. அப்படியே ‘கை வழியா தொடை வழியா’ என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வளர்மதி_என்சி:

சிஸ்டாட்டின்-சி பற்றி ஒரு நடைமுறைக் கேள்வி. எங்கள் லேபில் அது இல்லை, வெளியே அனுப்ப வேண்டும். கேஸ் அன்று காலையில் எழுதினால் முடிவு வருவதற்குள் ஸ்டென்ட்டே வைத்து முடித்திருப்போம். கூட்டத்தில் முதல் ஆளே இதைத்தான் சொல்லி என்னை உட்கார வைப்பார்.

டெட்ராய்ட்_நெஃப்ரோ:

காலையில் எழுதாதீர்கள். கிளினிக்கில் ஆஞ்சியோ தேதி குறிக்கும்போதே அதே ரத்தக் குழாயில் இதையும் சேர்த்து எழுத வையுங்கள். எல்லோருக்கும் வேண்டாம், கிரியேட்டினின் கணக்கில் 60க்குக் கீழே வருபவர்களுக்கு மட்டும். மாரடைப்போடு அவசரமாக வருபவர்களுக்கு அதற்கு நேரம் இருக்காது, அவர்களுக்கு டையைக் குறைப்பது ஒன்றுதான் வழி. கூட்டத்துக்கு 1.8 கிரியேட்டினின் உதாரணத்தை எடுத்துப் போங்கள், 40, 46, 43 மூன்றையும் பலகையில் எழுதி, இவருக்கு எத்தனை மி.லி. கொடுப்பீர்கள் என்று அவர்களையே கேளுங்கள்.